நலிந்த போன்சாயும் பனிக்காலமும்
ஜூனிப்பர் போன்சாயின் இலைகள் வேர் செத்த பின்னும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்பதால், மரம் நலிவது பெரும்பாலும் தாமதமாகவே தெரிகிறது. ஐயம் எழுந்தால் சிறு கிளையொன்றின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அடியில் ஈரப் பச்சை தெரிந்தால் அக்கிளையில் உயிர் இருக்கிறது, பழுப்பாக உலர்ந்திருந்தால் இல்லை. நீர் தேங்கி வேர் அழுகியிருந்தால், கறுத்துக் குழைந்த வேர்களை மட்டும் நீக்கி, அகதாமா எனப்படும் ஜப்பானியக் களிமண் மணிகளில் மாற்றி நட்டு, புதுத் துளிர் வரும்வரை உரமிடாமல் விடுவதே நல்லது. இரக்கப்பட்டு இடும் உரம் நலிந்த வேரை மேலும் கருக்கிவிடும்.

குளிர்காலத்தில் கிளைகளைவிட வேர்களே எளிதில் உறைந்து சாகின்றன என்பதும், நிலத்து மரத்தின் வேருக்குள்ள மண்காப்பு ஆழமற்ற தட்டில் வாழும் மரத்துக்குக் கிடையாது என்பதும் பலர் கவனிக்காத உண்மை. அதனால் ஜப்பானியத் தோட்டக்காரர்கள் முரோ என்னும் காப்பறையில் மரங்களை வைக்கின்றனர். அவ்வசதி இல்லாதோர் தட்டைத் தரையில் இறக்கி, காற்றுப்படாத சுவரோரம் வைத்து, சருகால் மூடலாம். ஆயினும் ஜூனிப்பர், பைன், மேப்பிள் போன்றவற்றுக்குக் குளிர்கால உறக்கம் இன்றியமையாதது என்பதால் அவற்றை வெதுவெதுப்பான வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. மண் உறையாத நாட்களில், காய்ந்திருந்தால், நீரும் ஊற்ற வேண்டும்.