அலைதலும் திரிதலும்

ஒரு பொருள் குறித்த பல சொற்களை ஒன்றற்கொன்று ஈடாக வைத்து எழுதுதல் பெருவழக்காயிற்று. நுணுகி நோக்குவார்க்கு அவற்றின் பொருளெல்லை வேறு வேறாகவே புலப்படும். இடம்விட்டு இடம் பெயர்தலைக் குறிக்கும் சில சொற்களை ஈண்டு ஆராய்வோம்.

சேர்வராயன் மலைத்தொடரை அடுத்து, சேலம் – சோலையார்பேட்டை இருப்புப்பாதையில் அமைந்தது பொம்மிடி. அவ்வூர்ச் சந்தைக்கு வருவோர் பேச்சிலும் இவ்வேறுபாடு விளங்கும். 'பட்டாவுக்காக அலைந்தேன்' என்பவர் 'பட்டாவுக்காகத் திரிந்தேன்' என்னார். 'வேலையின்றித் திரிகிறான்' என்பவர் 'வேலையின்றி உலாவுகிறான்' என்னார்.

அலைதல், 'அலை' என்னும் பெயரோடு உறவுடையது. சென்று சென்று மீளும் அலைபோல, குறிக்கோள் இருந்தும் அது கைகூடாத வருத்தத்தை இச்சொல் உணர்த்தும். அலைத்தல் என்பதற்கு வருத்துதல் என்னும் பொருள் உண்மையும் இதனை வலியுறுத்தும்.

திரிதல் என்பதற்கு மாறுதல் என்பதும் பொருள். பால் திரிந்தது என்கிறோம்; புணர்ச்சி விகாரங்களுள் ஒன்றும் திரிதலே; முல்லையும் குறிஞ்சியும் திரிந்தே பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் கொள்கை. யானை காட்டில் திரிகிறது என்னுமிடத்துப் பழிப்பில்லை. மக்கள்மேற் செல்லுங்கால், நெறி திறம்பினார் என்னும் குறிப்பு ஏறிவிடுகின்றது.

உழலுதலுக்கு இடப்பெயர்ச்சி வேண்டுவதின்று. வறுமையில் உழல்வோன் தன் வீட்டிலேயே இருத்தல் கூடும். உலாவுதல் உவகையுடைத்து, மூவருலா முதலிய நூல்கள் அப்பெயர் பெற்றதும் தலைவன் சிறப்புடன் பவனி வருதலாலேயாம்.

இவ்வாராய்ச்சி சொல்லளவில் நிற்பதன்று. சங்க நூல்கள் போற்றும் உமணர், உப்பேற்றிய வண்டிகளுடன் நெடுவழி சென்றனர். பிற்காலத்தில் பொதிமாடுகளில் உப்பும் தவசமும் கொண்டுசென்று விற்ற குறவரும் அத்தகையரே. அவர் சென்றது தெரிந்த வழி, கருதியது வாணிகம். ஆயினும், 1871-ஆம் ஆண்டில் தோன்றி 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்த குற்றப்பரம்பரைச் சட்டம், நிலையான உறைவிடமின்மையையே ஐயத்திற்குரியதாகக் கொண்டது. குறவரும் அதன்கீழ் அடக்கப்பட்டனர். செலவு திரிதலாகக் கருதப்பட்டது. அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுதும் 1952-இலும் நீங்கியது. அப்பார்வை முற்றும் நீங்கியதெனல் அரிது.

ஆகலின், பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் செல்வாரைக் குறிக்குங்கால், 'திரிவோர்' என்னாது 'செல்வோர்' என்றலே பொருந்தும் என யாம் கருதுகின்றோம். சொல்லைத் தேர்தலும் நடுவுநிலைமையின் ஒரு கூறேயாம்.