மலையை மெல்லும் தாடைகள்

"அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்" என்பது நம் முன்னோர் வாக்கு. கருங்கல்லைச் சல்லியாக்கும் யந்திரம் இவ்வாக்கிற்கு இரும்பில் வார்த்த விளக்கம் எனலாம்.

ஸ்கொத்லாந்தில் 1756ஆம் ஆண்டு பிறந்த ஜோன் லவுடன் மக்கடம், சிறு சிறு சல்லிக் கற்களை இறுகப் பரப்பி உறுதியான வீதி அமைக்கலாம் எனக் காட்டினார். எக்கல்லும் 6 அவுன்சு நிறைக்கு மேற்படலாகாது என்பது அவர் விதி. ஆனால் அக்கற்களை உடைப்பவர் யார்? ஆண்களும் பெண்களும், சிறுவருங்கூட, வீதியோரத்திற் குந்தியிருந்து சுத்தியலால் உடைத்தனர். வீதிகள் நீள நீள இத்துன்பமும் நீண்டது.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், 1851ஆம் ஆண்டளவில், இத்தகைய வீதி ஒன்றை அமைக்கும் குழுவில் ஈலை விற்னி பிளேக் என்பவர் இடம்பெற்றார். பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் பொறியைக் கண்ட ஈலை விற்னியின் மருமகன் இவர். கையால் உடைக்கும் வேலையின் தாமதத்தைக் கண்டு, ஆண்டுக்கணக்காகச் சிந்தித்து, தாடைப் பொறியை உருவாக்கி 1858ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படை அமைப்பு இன்றும் வழக்கிலுள்ளது.

இப்பொறியில் இரு தாடைகள் உள. ஒன்று அசையாதது, மற்றது மேலேயுள்ள அச்சிலிருந்து கதவுபோலத் தொங்குவது. இரண்டிற்கும் இடைப்பட்ட வாய் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். பெருங்கல் மேற்புறத்தில், அச்சுக்கு அண்மையில் அகப்படுகிறது. அங்கே அசைவு சிறிது, விசையோ பெரிது. வைரித்த கொட்டைப்பாக்கைப் பாக்குவெட்டியின் மூட்டருகே தள்ளி வைத்து வெட்டும் பாட்டியும் இந்த உண்மையையே கையாளுகிறாள்.

தாடையை அசைப்பது எது? அதன் முதுகுப்புறத்தே இரண்டு தடித்த தகடுகள், மடிந்த முழங்கால்போல் ஒன்றோடொன்று கூடி நிற்கின்றன. கூடுமிடத்தை ஒரு தண்டு தாங்குகிறது. மையம் விலகிய அச்சொன்று சுழலும்போது தண்டு மேலெழும், முழங்கால் நிமிரும், தாடை முன்னே தள்ளப்படும். தகடுகள் நேர்கோட்டை நெருங்க நெருங்கத் தள்ளும் விசை பன்மடங்காகும். தண்டு இறங்கியதும் சுருள்வில் தாடையைப் பின்னே இழுக்க, உடைந்த துண்டுகள் சற்றுக் கீழே வழுவி, அடுத்த கடிக்கு ஆளாகின்றன. பல பொறிகளில் இது நிமிடத்திற்கு 200 முதல் 300 தடவை நிகழும்.

கல் நசுங்குவது ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரமே. மற்றப் பாதியில் வீணாகக்கூடிய சக்தியைப் பக்கங்களிலுள்ள இரு பாரச் சில்லுகள் சேமித்து, கடிக்கும் வேளையில் ஈகின்றன. தாடைகளுக்கு மங்கனீசு உருக்குக் கவசமுண்டு. இங்கிலாந்தின் றொபேட் ஹட்பீல்ட் 1882ஆம் ஆண்டு கண்ட இவ்வுருக்கு, அடிபட அடிபட மேற்பரப்பு மேலும் கடினமாகும் விந்தையுடையது.

மாணவர் சிந்திக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. முழங்கால் தகடுகளில் ஒன்றை வேண்டுமென்றே வலிமை குறைந்ததாகச் செய்வார்கள். கல்லோடு தவறி ஓர் இரும்புத்துண்டு வாயில் விழுந்தால், விலை குறைந்த அத்தகடு முறிந்து, விலையுயர்ந்த பொறியைக் காக்கும். எங்கே முறியவேண்டும் என்பதை முன்னரே தீர்மானிப்பதும் பொறியியலே.

உடைந்த கல், அதிரும் சல்லடைகளில் அளவுவாரியாகப் பிரிந்து வீதிக்கும் கொங்கிறீற்றுக்கும் செல்கிறது. ஆயின் அதனோடு எழும் தூசியை நாம் மறத்தலாகாது. கருங்கல்லிலுள்ள சிலிக்காவின் நுண்துகள் நுரையீரலைத் தழும்பாக்கிச் சிலிக்கோசிசு என்னும் நோயைத் தரும். அத்தழும்பை மாற்றும் மருந்து இல்லை. நீர் தெளித்தலும், பொறியை மூடியிடுதலும், தகுந்த முகக்கவசமும் அதனைத் தடுக்கவல்லன. இவற்றைச் செலவென்று தள்ளுமிடத்தில், தொழிலாளியின் மூச்சே விலையாகிறது.

சுத்தியலின் துன்பத்திலிருந்து மனிதனை மீட்கவே இப்பொறி பிறந்தது. முறியும் தகடொன்றை வைத்து இரும்பைக் காக்கத் தெரிந்த அறிவு, அதன் அருகே நிற்கும் மனிதனையும் காத்தாலன்றி, அந்நோக்கம் நிறைவேறியதாகாது.