நாளை மாலை ஐந்து மணிக்குள்

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. மாலை நாலரை மணி இருக்கும். நாங்கள் பள்ளியிலிருந்து வந்து புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. எங்கள் அக்கா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்தாள். "வேலை கிடைத்துவிட்டது!" பி.காம். முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. அம்மா உடனே கேசரிக்கு ரவை வாங்கிவரச் சொன்னார்கள்.

ஏழு மணிக்கு அப்பா வந்து கடிதத்தை முழுவதும் படித்தார்கள். கடைசிப் பத்தியை மட்டும் இரண்டாம் முறை உரக்கப் படித்தார்கள். நாளை மாலை ஐந்து மணிக்குள் கையொப்பமிட்டு அனுப்பாவிட்டால் இந்த நியமனம் தானாகவே ரத்தாகும் என்று அதில் இருந்தது. ரவை பொட்டலம் பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போயிற்று.

சிக்கல் என்னவென்றால், அதே வாரம் திங்கட்கிழமைதான் அக்கா சென்னையில் வேறோர் அலுவலகத்தில் இரண்டாம் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்திருந்தாள். அங்கே பத்து நாளில் சொல்லுவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவின் மனம் முழுவதும் அங்கேதான் இருந்தது.

தோழியரே, நாம் பத்தாம் வகுப்பில் இருக்கிறோம். நமக்கு வேலை வர இன்னும் ஆறேழு ஆண்டு இருக்கிறது. ஆனாலும் அன்று இரவும் மறுநாளும் எங்கள் வீட்டில் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டவை நம் அக்காமாருக்கும், நாளை நமக்கும் உதவும் என்று நினைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில் வீட்டார் சொன்னதைச் சொல்லிவிடுகிறோம். "கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களா?" என்றார்கள் அப்பாயி. பெரியப்பா மகன் தொலைபேசியில் வேறு யோசனை சொன்னான். "இப்போதைக்குச் சரி என்று எழுதிப் போடு. சென்னையில் கிடைத்தால் இதை விட்டுவிடு. பாண்டு கீண்டு எல்லாம் கோர்ட்டில் செல்லாது." அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராமலிருப்பதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். அக்கா அழ ஆரம்பித்தாள்.

ஒன்பது மணிக்கு, வழக்கறிஞராக இருக்கும் எங்கள் மாமா வந்தார்கள். அவர்கள் அக்காவைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்: "இந்த அவசரம் உன்னைப் பற்றியது அல்ல, அம்மா. அவர்களுடைய பயம்." நீ மறுத்துவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும்; பத்து நாள் காத்திருந்து நீ மறுத்தால் அந்த அடுத்த ஆள் அதற்குள் வேறிடத்தில் சேர்ந்திருப்பான். அதனால்தான் தவணையை இறுக்குகிறார்கள் என்றார்கள்.

இதற்கு மாமா சொன்ன உதாரணம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அமெரிக்காவில் மருத்துவப் படிப்பை முடிப்பவர்கள் மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவராகச் சேர வேண்டும். நல்ல மாணவர்களைப் பிடிக்க மருத்துவமனைகள் போட்டி போட்டன. 1945-ல், அழைப்பு வந்தபின் யோசிக்க மாணவருக்குப் பத்து நாள் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அடுத்த ஆண்டு அது எட்டு நாளாயிற்று. 1949-ல் பன்னிரண்டு மணி நேரம் கொடுப்பதே அதிகம் என்று மருத்துவமனைச் சங்கம் சொல்லிவிட்டது. நள்ளிரவு கழிந்து ஒரு நிமிடத்தில் தந்தி வரும். கூடவே தொலைபேசியும் அடிக்கும்! கடைசியில் 1952 முதல் புதிய முறை வந்தது. மாணவர் தமக்கு விருப்பமான மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும். மருத்துவமனைகளும் அப்படியே மாணவரை வரிசைப்படுத்தித் தர வேண்டும். பொதுவான ஓரிடத்தில் இரண்டையும் பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்குவார்கள். இதை ஆராய்ந்த ஆல்வின் ராத், லாயிட் ஷாப்லியுடன் சேர்ந்து 2012-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசைப் பெற்றார். ஆக, இருபத்து நான்கு மணி நேரத் தவணையைக் கண்டு திணறியவர்களில் எங்கள் அக்கா முதல் ஆள் அல்ல! இதைக் கேட்டபின் அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அடுத்து மாமா சட்டத்தைச் சொன்னார்கள். நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி, குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் முன்மொழிவு காலாவதியாகிவிடும். ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். ஆனால் அந்த நேரத்தை நீட்டித்துத் தர அவர்களுக்கு உரிமை உண்டு. கேட்டால்தானே தருவார்கள்?

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஏற்பது என்றால் நிபந்தனையில்லாமல் முழுமையாக ஏற்க வேண்டும் என்கிறது. "சம்பளத்தை இருபதாயிரமாக்கினால் வருகிறேன்" என்று எழுதினால் அது ஏற்பு ஆகாது. நாம் புதிதாக ஒன்றை முன்மொழிகிறோம் என்று ஆகிவிடும். அவர்கள் முன்மொழிந்தது அத்துடன் விழுந்துவிடும். பிறகு பழைய சம்பளத்துக்கே வருகிறேன் என்றாலும் அவர்கள் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஆனால் "சம்பளத்தை உயர்த்த வாய்ப்பு உண்டா?" என்று கேட்டால் அது வெறும் கேள்விதான்.

இங்கிலாந்தில் 1880-ல் நடந்த ஸ்டீவன்சன், மக்லீன் வழக்கில் இதுதான் நடந்தது. ஒருவர் இரும்பை டன் நாற்பது ஷில்லிங்குக்குத் தருவதாகவும், திங்கட்கிழமை வரை பதில் சொல்லலாம் என்றும் எழுதினார். வாங்குகிறவர்கள் திங்கள் காலையில், இரண்டு மாதத்தில் சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்ள இயலுமா என்று தந்தியில் கேட்டார்கள். அவர் இதை மறுப்பு என்று எண்ணிச் சரக்கை வேறொருவருக்கு விற்றுவிட்டார். விற்றுவிட்ட செய்தி போய்ச் சேருமுன், வாங்குகிறவர்கள் ஏற்றுக்கொள்வதாகப் பிற்பகலில் தந்தி அடித்துவிட்டார்கள். கேள்வி கேட்டது மறுப்பு ஆகாது என்று நீதிமன்றம் வாங்கியவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இலக்கணப் பாடத்தில் வினா வாக்கியமும் நிபந்தனை வாக்கியமும் படிக்கிறோமே, அது இவ்வளவு தூரம் வரும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை.

பெரியப்பா மகனின் யோசனைக்கும் மாமா பதில் சொன்னார்கள். பாண்டு எதுவுமே செல்லாது என்று சொல்ல முடியாது. ஒரு பொதுத்துறை வங்கி, மூன்று ஆண்டுக்குள் விலகுபவர் 2 இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று வைத்திருந்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எழுதிய தொகை முழுவதையும் எப்போதும் வாங்கிவிடலாம் என்பதும் இல்லை. அந்தத் தொகைக்கு மேற்படாமல், நியாயமான ஈடு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனாலும் விளையாட்டாகக் கையொப்பமிடக் கூடாது.

அன்று இரவே அக்கா கடிதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆண்டுக்கு 2,16,000 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மாதம் 18,000. ஆனால் அதற்குள்ளேயே நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும் அடங்கியிருந்தது. அடிப்படைச் சம்பளம் 9,000. அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் 1,080. அவள் பங்கு இன்னொரு 1,080. இரண்டும் போக 15,840. ஈ.எஸ்.ஐ. பிடித்தால் இன்னும் குறையும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 6,500 என்று அவள் தோழி சொல்லியிருந்தாள். பி.எஃப். பணம் நம் பெயரில்தான் சேருகிறது, அது நஷ்டம் அல்ல. ஆனால் மாதக் கடைசியில் கைக்கு வருவது எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதானே பதில் எழுத வேண்டும்!

வெள்ளி காலை அலுவலகம் திறந்ததும் அக்கா முதலில் சென்னைக்குத்தான் பேசினாள். இதற்கு அவள் மிகவும் கூச்சப்பட்டாள். "எனக்கு வேறோர் இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. எனக்குத் தங்களிடம் வரவே விருப்பம். முடிவு எப்போது தெரியும் என்று சொல்ல இயலுமா?" அவ்வளவுதான். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. எவ்வளவு சீக்கிரம் என்றாலும் புதன்கிழமை ஆகிவிடும் என்றார்கள்.

பிறகு கோயம்புத்தூருக்கு மின்னஞ்சல் எழுதினாள். மாமா திருத்தியபின் அது இப்படி இருந்தது: "தங்கள் கடிதத்திற்கு மிக்க நன்றி. இவ்வேலையில் எனக்கு ஆர்வம் உண்டு. பணி ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு, மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தருவீர்களா என்ற விவரங்களைத் தெரிவிக்க வேண்டுகிறேன். வரும் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என் முடிவைத் தெரிவிக்க அவகாசம் தர இயலுமா?" சில நாள் வேண்டும் என்று பொதுவாக எழுதாமல் கிழமையும் மணியும் குறித்ததைக் கவனியுங்கள். மொட்டையாகக் கேட்டால் தட்டிக்கழிக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள் என்று மாமா சொன்னார்கள். அவகாசம் கொடுத்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்தபிறகும், நாம் ஏற்றுப் பதில் அனுப்புவதற்குள் அவர்கள் மனம் மாறினால் பொதுவாகத் தடுக்க முடியாது. அந்த ஆபத்து இதில் இருக்கிறது.

(வேலையில் சேரப் பணம் கட்டு, இன்றே கட்டு என்று யாராவது எழுதினால் இவ்வளவு யோசனையும் தேவையில்லை. பதிலே வேண்டாம்.)

மூன்று மணிக்கு அங்கிருந்து ஒரு அம்மையார் பேசினார்கள். மரியாதையாகவே பேசினார்கள். புதன் வரை முடியாது. சனி நண்பகல் வரை தரலாம். ஒப்பந்தம் இரண்டு ஆண்டு, இடையில் விலகினால் ஒரு இலட்சம். சான்றிதழ்கள் அந்த இரண்டு ஆண்டும் நிறுவனத்திடமே இருக்கும். சொன்னதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டார்கள்.

ஒரு இலட்சத்தைவிடச் சான்றிதழ்தான் அப்பாவை யோசிக்க வைத்தது. சரிபார்த்துத் திருப்பித் தருவது வேறு. வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது வேறு. மேற்படிப்புக்கோ அரசுத் தேர்வுக்கோ மூலச் சான்றிதழ் கேட்டால் எங்கே போவது? ஆனாலும் அப்பா தாம் முடிவு சொல்லவில்லை. "நீதான் அங்கே போய் இருக்கப் போகிறாய்" என்றார்கள். சனிக்கிழமை பத்தரை மணிக்கு அக்கா நான்கு வரியில் நன்றி சொல்லி, வர இயலாது என்று எழுதினாள். நண்பகல் வரை இழுக்காததற்குக் காரணம், அடுத்த ஆளுக்கு அவர்கள் சீக்கிரம் சொல்லட்டும் என்பதுதான்.

புதன்கிழமை சென்னையிலிருந்து செய்தி வந்தது. வேறொருவரை எடுத்துவிட்டார்களாம்.

அதன்பின் நான்கு மாதம் அக்கா வீட்டில் இருந்தாள். மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அந்த நாட்களில் வீட்டில் யாரும் கோயம்புத்தூர் என்ற பெயரையே எடுக்கமாட்டோம். ஒருநாள் இரவு, தப்புப் பண்ணிவிட்டேனோ என்று அவள் எங்களிடம் கேட்டாள். எங்களுக்கு என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. நாங்கள் அவள் பக்கம்தான். ஆனால் மூலச் சான்றிதழை அவர்கள் கேட்காமல் இருந்திருந்தால், அந்த வேலையை விட்டிருக்கக் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறோம்.

அக்டோபரில் எங்கள் ஊரிலேயே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் 14,000, விடுதிச் செலவு இல்லை. பதில் சொல்ல ஒரு வாரம் கொடுத்தார்கள். அக்கா இரண்டாம் நாளே சரி என்று எழுதிவிட்டாள். அன்று அம்மா கேசரி கிளறினார்கள். அப்பாயி ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, "இதை ஜூன் மாதமே சாப்பிட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார்கள்.