மூச்சைக் காக்கும் புரதம்

நுழையும்முன்

பிறப்பிலேயே அமைந்த குறை ஒன்று, பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் இருந்து, நடுவயதில் மூச்சைத் தாக்கக்கூடும். அக்குறையின் இயல்பையும், வீட்டிலிருந்தே அதனை எதிர்கொள்ளும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பிழையும் விளைவும்

சுவாமிமலையில் படிமம் வார்ப்போர் முதலில் மெழுகில் உருவத்தை வடிப்பர். அதன்மீது காவிரிக்கரை வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். சூடேற்றியதும் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படும். மெழுகில் நேர்ந்த சிறு பிழையும் படிமத்தில் பதிந்துவிடும். மரபணுவுக்கும் புரதத்துக்கும் உள்ள உறவு இத்தகையதே.

ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்பது கல்லீரல் உருவாக்கும் புரதம். அது 394 அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் 342ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்கு மாற்றாக லைசின் அமைந்துவிட்டால் புரதம் சரியாக மடிவதில்லை. பிழையுற்ற புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கல்லீரலிலேயே தங்கிவிடுகின்றன. சிறிதளவே குருதியை அடைகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இப்பிழையைப் பெற்றவருக்கே கடுங்குறை ஏற்படுகிறது.

வேலியில்லாப் பயிர்

நுரையீரலில் புகும் கிருமிகளை எதிர்க்க, வெள்ளையணுக்கள் எலாஸ்டேஸ் என்னும் நொதியை வெளியிடுகின்றன. கட்டுப்பாடின்றிப் பெருகினால் அந்நொதி நுரையீரலின் மீள்தன்மை இழைகளையே அரித்துவிடும். அதனைத் தடுக்கும் வேலியே ஆல்ஃபா-1. வேலி இல்லாதபோது காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைகின்றன. மாடிப்படி ஏறுவதும் அரிதாகிறது.

இக்குறையை 1963இல் சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர்கள் லாரெல், எரிக்சன் ஆகியோர் கண்டறிந்து வெளியிட்டனர். குருதிப் புரதங்களைப் பிரித்தறியும் சோதனையில், சிலருடைய தாளில் ஒரு பட்டை காணப்படாமையே அவர்களுக்குத் தடயமாயிற்று.

புகை இந்நோயை விரைவுபடுத்துகிறது. அது வெள்ளையணுக்களை நுரையீரலுக்கு மிகுதியாக வரவழைப்பதோடு, எஞ்சியுள்ள புரதத்தையும் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே புகைபிடித்தலை அறவே விலக்க வேண்டும். அடுப்புப்புகை, வைக்கோல் எரிக்கும் புகை, களத்துத் தூசி ஆகியவற்றிலிருந்தும் விலகியிருத்தல் நன்று.

இல்லத்தில் மருந்தேற்றம்

கொடையாளர்களின் குருதி நீர்மத்திலிருந்து பிரித்தெடுத்த இப்புரதத்தை நோயாளிக்குச் செலுத்தும் மருத்துவத்திற்கு 1987இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 60 மில்லிகிராம் வீதம், வாரம் ஒருமுறை சிரைவழி ஏற்றுவது வழக்கம். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 3.6 கிராம். ஏற்றிய புரதம் சில நாள்களில் குறைந்துவிடுவதால் வாழ்நாள் முழுதும் இதனைத் தொடர வேண்டியுள்ளது.

வாரந்தோறும் மருத்துவமனைக்குச் செல்வது பணியையும் கல்வியையும் குலைக்கும். எனவே சில நாடுகளில் செவிலியர் இல்லத்திற்கே வந்து மருந்தேற்றுகின்றனர். பயிற்சி பெற்ற நோயாளிகள் சிலர் தாமே ஏற்றிக்கொள்கின்றனர். கைத்தூய்மை, மருந்தின் காலாவதி நாளைச் சரிபார்த்தல், ஒவ்வாமைக் குறிகளைக் கவனித்தல், ஒவ்வொரு முறையும் குறிப்பெழுதி வைத்தல் ஆகியன இதற்கு இன்றியமையாதன. இம்மருந்தின் விலை மிகுதி. பல நாடுகளில் இன்னும் எளிதில் கிட்டுவதில்லை.

காலத்தே அறிதல்

இம்மருந்து சிதைவின் வேகத்தைத் தணிக்குமேயன்றி, இழந்த நுண்ணறைகளை மீட்டுத் தராது. ஆதலால் நோயை முன்னரே அறிவது மருந்தினும் முதன்மையானது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையோர் ஒருமுறையேனும் இதற்கான குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. ஒருவருக்குக் குறை உறுதியானால் உடன்பிறந்தோரும் சோதித்துக்கொள்ளலாம். மூச்சுத் திணறல் தோன்றுமுன்பே அறிந்தவர், புகையை விலக்கித் தம் நுரையீரலைப் பெரிதும் காத்துக்கொள்ள இயலும்.