நூலால் ஆன மிதிவண்டி

நூல் என்றால் ஆடை, இரும்பு என்றால் வண்டி என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இன்றோ நூலைக் கொண்டே வண்டி செய்கிறார்கள். எடைக்கு எடை ஒப்பிட்டால் உருக்கினும் உறுதியான மிதிவண்டிச் சட்டகம் ஒன்று, ஏறத்தாழ ஒரு கிலோ எடையில், கரிநூலால் உருவாகிறது. 'கார்பன் பிரேம்' என்று இளைஞர்கள் சொல்லிக் கொள்வது இதனைத்தான். காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலைக்குச் செல்லும் வழியில், விடியற்காலையில் தலைக்கவசம் அணிந்து குனிந்தவாறு விரைந்து செல்லும் வாலிபர்களின் கீழே இத்தகைய வண்டிகளை இப்பொழுது காண்கிறோம்.

அவர்களுள் சிலர் கடையில் முழு வண்டியாக வாங்குவதில்லை. வெறும் சட்டகத்தை மட்டும் வாங்கி, மற்ற உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, வீட்டிலேயே பூட்டிக் கொள்கிறார்கள். "அப்பா, ஒரு பிரேம் மட்டும் வாங்கித் தாருங்கள், மீதியை நானே பார்த்துக் கொள்கிறேன்" என்று மகனோ மகளோ கேட்கும்போது பெற்றோர் என்ன விடை கூறுவது? இதில் பணமும் அடங்கியிருக்கிறது, பிள்ளையின் உயிரும் அடங்கியிருக்கிறது. ஆகவே இப்பொருளைச் சற்று விளங்கிக் கொள்வது நலம்.

பாவும் ஊடையும்

பட்டு நெசவை அறிந்த ஊரார்க்கு இதனை விளக்குவது எளிது. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட, நெசவாளரும் உடனிருக்கும் உதவியாளரும் ஒவ்வோர் இழையிலும் உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் ஒன்றோடொன்று கொக்கிபோல் பிணைக்கிறார்கள். சேலை பழசாகி நைந்தாலும் கரை தனியே பிரியாது என்பது நெசவாளரின் பெருமிதம். நூலின் வலிமை அது செல்லும் திசையிலும், துணியின் வலிமை இணைப்பிலும் இருக்கிறது என்பதே இதன் பாடம். கரிநூல் சட்டகத்தின் இரகசியமும் இதுவே.

கரிநூலின் பிறப்பிடம் வியப்பானது. குளிர்காலச் சட்டைகளுக்குப் பயன்படும் அக்ரிலிக் நூலுக்கு நெருங்கிய உறவினமான ஓர் இழையை முதலில் 200 முதல் 300 பாகை வெப்பத்தில் காற்றில் வாட்டுகிறார்கள். பிறகு உயிர்வளி புகாத உலையில் 1000 பாகைக்கு மேல் சூடேற்றுகிறார்கள். மற்றவை யாவும் ஆவியாகிப் போக, ஏறக்குறைய தூய கரி மட்டும் இழையாக எஞ்சுகிறது. அவ்விழையின் பருமன் 5 முதல் 7 மைக்ரான். நம் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு எனலாம். இத்தகைய 3000 இழைகளை ஒரு புரியாகச் சேர்த்து, அப்புரிகளைப் பாவும் ஊடையுமாக நெய்தால் கறுப்புத் துணி கிடைக்கிறது. 1879-ஆம் ஆண்டில் எடிசன் தம் மின்விளக்குக்குக் கரியாக்கிய இழையைத்தான் பயன்படுத்தினார் என்பதை நினைத்தால், இது முற்றிலும் புதிய எண்ணம் அன்று என்பது புலப்படும்.

வெளியே கண்ணுக்குத் தெரியும் கட்டம் போட்ட நெசவு பெரும்பாலும் மேலடுக்கு மட்டுமே. உள்ளே இருப்பவை ஊடையே இல்லாத, பாவு மட்டும் விரித்ததுபோன்ற ஒருதிசைத் துணிகள். பிசினில் ஊறிய அத்துணிகளைத் தையற்காரர் வெட்டுவதுபோலப் பல வடிவங்களில் நறுக்கி, நூற்றுக்கணக்கான துண்டுகளாக அச்சின்மேல் கையினால் அடுக்குகிறார்கள். ஓர் அடுக்கு நேராகவும் அடுத்தது சாய்வாகவும் செல்லும். தறியில் பாவும் ஊடையும் ஒரே துணியில் குறுக்கிடுகின்றன. இங்கே அடுக்குக்கு அடுக்கு குறுக்கிடுகின்றன. பெடல் மிதிக்கும் அடிப்பகுதியில் வளையாத உறுதியும், இருக்கையின் கீழே சற்று நெகிழும் தன்மையும் வேண்டுமாயின், இழைகளின் திசையை மாற்றியே அதனைப் பெறுகிறார்கள். பின்னர் அழுத்தமும் வெப்பமும் தந்து பிசினை இறுகச் செய்கிறார்கள். உலகின் பெரும்பாலான கரிநூல் சட்டகங்கள் தைவானிலும் சீனாவிலும் இவ்வாறு மனிதக் கைகளாலேயே அடுக்கப்படுகின்றன.

அம்பத்தூரும் அகில உலகும்

நம் மாநிலத்துக்கு மிதிவண்டித் தொழில் அந்நியமானதன்று. 1949-இல் முருகப்பா குழுமத்தினர் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் அதன் ஆலை எழுந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்கள் நம் பெற்றோர் காலத்திலேயே வீட்டுப் பெயர்கள் ஆயின. அப்பாவின் ஹெர்குலிஸில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதே நிறுவனம் 2011-இல் 'மான்ட்ரா' என்னும் பெயரில் கரிநூல் சட்டகம் கொண்ட வண்டியை இந்தியச் சந்தைக்குக் கொண்டு வந்தது.

உலக அரங்கில் 1986-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் கரிநூல் சட்டகத்தில் ஏறி வென்றார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்டுமேன், லோட்டஸ் கார் நிறுவனம் செய்த கரிநூல் வண்டியில் தங்கம் பெற்றார். வண்டிகள் மேலும் மேலும் இலேசாகிக்கொண்டே போனதால், பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என்று உலக மிதிவண்டிக் கழகம் 2000-ஆம் ஆண்டில் வரம்பு விதித்தது.

வெறும் சட்டகம் வீட்டுக்கு வந்தால்

முதல் வேலை, பூட்டுவதன்று, பார்ப்பது. நல்ல வெளிச்சத்தில் சட்டகத்தை ஒரு துணியால் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். தலைக்குழல், பெடல் அச்சு பொருந்தும் இடம், இருக்கைக் குழலின் வாய், பின்சக்கரம் மாட்டும் கவை ஆகிய நான்கிலும் மயிரிழைக் கீறல் உண்டா என்று காண வேண்டும். நாணயத்தால் மெல்லத் தட்டினால் ஒரே சீரான ஒலி எழவேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒலி மந்தமானால் அங்கே அடுக்குகள் விட்டுப் போயிருக்கக்கூடும். குடம் வாங்கும்போது நம் தாய்மார்கள் தட்டிப் பார்ப்பதில்லையா, அதுபோன்றதே இது.

அடுத்தது அளவறிதல். இருக்கைத் தண்டின் விட்டம் எவ்வளவு? பலவற்றில் 27.2 மில்லிமீட்டர். பின்சக்கர அச்சுக்கு 130 மில்லிமீட்டர் இடைவெளியா, 142-ஆ? ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கா, தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கா? பெடல் அச்சின் கூடு மரையுள்ளதா, அழுத்திப் பொருத்துவதா? இவற்றை எழுதி வைத்துக்கொண்ட பின்னரே மற்ற உறுப்புகளை வாங்க வேண்டும். இந்த ஒரு தாளை எழுதாமல் வாங்கியவர்கள் பொருந்தாத உறுப்புகளைப் பெட்டியில் வைத்துப் பார்த்துக் கொண்டிருக்க நேரும்.

இனிப் பூட்டும் முறை. தலைக்குழலில் பேரிங்குகளை வைத்து, முன்கவையைச் செலுத்த வேண்டும். கவையின் தண்டு நீளமாகவே வரும். ஹேண்டில்பார் எவ்வளவு உயரத்தில் வேண்டுமென்று சில நாள் ஓட்டிப் பார்த்துத் தீர்மானித்த பின்னரே அதனை அறுக்க வேண்டும். அறுத்ததை ஒட்ட முடியாது. அறுக்கும்போது எழும் கரித்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. ஆதலால் ஈரப்படுத்தி அறுப்பதும் முகமூடி அணிவதும் கட்டாயம்.

பெடல் அச்சு மரையுள்ளதாயின், பல சட்டகங்களில் அது இன்றும் பி.எஸ்.ஏ. அளவிலேயே இருக்கிறது. நம் தாத்தாவின் வண்டிக்குப் பெயர் தந்த அதே பர்மிங்காம் நிறுவனத்தின் பெயர்! இதில் செயின் இருக்கும் வலப்பக்கக் கிண்ணம் எதிர்மரை உடையது; இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும். இதனை அறியாமல் வலிந்து திருகினால் மரை போய்விடும், சட்டகமும் வீணாகும்.

பிரேக் கம்பியும் கியர் கம்பியும் குழலின் உள்ளே ஓடும். ஒரு துளையில் நுழைத்து மறு துளையில் எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முதலில் ஒரு நூலை உள்ளே விட்டு மறுமுனையில் உறிஞ்சி எடுத்து, அதனோடு கம்பியைக் கட்டி இழுக்கிறார்கள். பாவாடையில் நாடா கோப்பது தெரிந்தவர்க்கு இது கைவந்த கலை. பின்னர் சக்கரங்கள், பற்சக்கரத் தொகுதி, செயின், இருக்கை, இறுதியாக ஹேண்டில்பாரின் நாடாச் சுற்று. பின் கியரைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டு ஒன்று உண்டு. வண்டி விழுந்தால் சட்டகத்தைக் காக்கத் தான் வளைந்து கொடுப்பது அதன் பணி. ஆகவே உபரியாக ஒன்றை வாங்கி வைப்பது அறிவுடைமை.

கைப்பதமும் அளவுகோலும்

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இரும்பு வண்டியில் நம் சைக்கிள் கடைக்காரரின் கைப்பதமே போதுமானது. சற்று மிகுதியாக முறுக்கினாலும் இரும்பு பொறுத்துக் கொள்ளும். வளைந்தால் நிமிர்த்தலாம், முறிந்தால் பற்ற வைக்கலாம். கரிநூல் அவ்வாறன்று. இழுவிசைக்கு அஞ்சாத அது, நசுக்கும் விசைக்கு அஞ்சும். இருக்கைத் தண்டின் பிடியை அளவுக்கு மீறி முறுக்கினால் உள்ளடுக்கு ஓசையின்றி உடையும். வெளியே ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள், சரிவான பாதையில், முன்னறிவிப்பின்றி முறியும். இரும்பு வளைந்து எச்சரிக்கும். கரிநூல் அந்த எச்சரிக்கையைத் தருவது அரிது.

அதனால்தான் உறுப்புகளின் மேல் '5 நியூட்டன் மீட்டர்' என்பதுபோல் எழுதியிருக்கிறார்கள். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் நுனியில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏற்படும் முறுக்கே அது. இதனை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் என்னும் கருவியை முதலில் வாங்கிவிட்டுத்தான் சட்டகத்தை வாங்க வேண்டும் என்று சொன்னாலும் மிகையாகாது. கரிநூல் படும் பிடிகளில் கிரீஸ் தடவலாகாது. வழுக்கும், வழுக்குவதால் மேலும் முறுக்கத் தோன்றும். அதற்கென உள்ள மணல் கலந்த பசையைத் தடவினால் குறைந்த முறுக்கிலேயே பிடி நிற்கும். அலுமினியத் தண்டாயின் இப்பசை இன்னொரு வகையிலும் உதவும். வியர்வையின் உப்பும் ஈரமும் சேரும்போது அலுமினியம் கரிநூலோடு உறவாடி அரிக்கப்பட்டு, தண்டு கழற்ற முடியாதபடி இறுகிவிடும். நம் வெப்பநாட்டில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே கிசால்லோ அன்னையின் சிற்றாலயம் உள்ளது. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். சுவர்களில் பெரும் வீரர்களின் வண்டிகள் தொங்குகின்றன. அவற்றினிடையே நசுங்கிய வண்டி ஒன்றும் இருக்கிறது. 1995 சூலை 18-இல் பிரான்சுப் பந்தயத்தில் மலைச் சரிவில் விழுந்து உயிர்நீத்த ஃபேபியோ காசர்தெல்லி என்னும் இளைஞரின் வண்டி அது. அப்பொழுது அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. உலகப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமானது 2003-இல்தான். பந்தய வீரருக்கே இந்நிலை என்றால், லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் செல்லும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

யாருக்கு ஏற்றது?

எல்லார்க்கும் ஏற்றதன்று. பால் கேன் கட்டுவதற்கும், பாவு மூட்டை ஏற்றுவதற்கும், தங்கையைப் பின்னால் அமர்த்திப் பள்ளிக்குச் செல்வதற்கும் இரும்பு வண்டிக்கு நிகர் இல்லை. தமிழக அரசு பதினோராம் வகுப்பு மாணவர்க்கு விலையின்றித் தரும் சைக்கிள் எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்கும் 'பிரெவே' என்னும் நெடுந்தொலைவு ஓட்டங்களில் பங்கு கொள்வோர்க்கும், பந்தயப் பயிற்சி பெறுவோர்க்கும் கரிநூல் வண்டி பொருள் உள்ளது. முழுமையாகப் பூட்டி முடிக்கும்போது செலவு எளிதில் ஓர் இலட்சத்தைத் தாண்டும் என்பதையும் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும்.

பழைய சட்டகம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. அது முன்பு எங்கே விழுந்தது என்பதை வண்ணப்பூச்சு மறைத்துவிடும். ஐயம் இருந்தால் விட்டுவிடுவதே மேல். புகழ்பெற்ற பெயர்களைத் தாங்கிய போலிகளும் சந்தையில் உலவுகின்றன. நேரிய கடையில் இரசீதுடன் வாங்குவதே பாதுகாப்பு.

ஆயினும் பிள்ளை உண்மையாகவே விரும்பினால் உடனே மறுத்துவிட வேண்டியதில்லை. அளவுகளைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் திருகுக்கு எவ்வளவு முறுக்கு என்று விளக்கச் சொல்லுங்கள். முதலில் வீட்டிலுள்ள பழைய சைக்கிளை முழுதும் கழற்றி, துடைத்து, எண்ணெயிட்டு, திரும்பப் பூட்டிக் காட்டட்டும். தெருமுனைக் கடைக்காரரிடம் சில வாரங்கள் போய் நிற்கட்டும். மூன்று நாடாவையும் தவறாமல் ஓட்டக் கற்குமுன் எந்த நெசவாளரும் தம் மகனைப் பட்டுப் பாவின்முன் அமர்த்துவதில்லை. அந்தப் பொறுமை கைகூடிய பிள்ளையிடம் சட்டகத்தை நம்பிக் கொடுக்கலாம். பூட்டி முடித்ததும் முதல் ஓட்டம் நெடுஞ்சாலையில் வேண்டா. வீட்டுத் தெருவில் மெல்லச் சென்று, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு திருகையும் மீண்டும் ஒருமுறை அளந்து சரிபார்த்த பிறகே நெடுஞ்சாலைக்குப் புறப்படட்டும்.