பரோசாப் பள்ளத்தாக்கில் இரண்டு முதுகுப்பைகள்

முதுகிலே பையைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றுவது இருபது வயதினருக்கு உரிய பொழுதுபோக்கு என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஐம்பத்தைந்து வயதைத் தொட்ட நானும், பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே வகுப்பிலிருந்து வரலாறு பயின்ற நண்பரும் சென்ற மார்ச் மாதம் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் இளைஞர் விடுதியொன்றின் வாசலில் பைகளோடு நின்றபோது, வரவேற்பு மேசையிலிருந்த பெண்பிள்ளை எமக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். எங்கள் பிள்ளைகள் வருகிறார்கள் என்று நினைத்தாள் போலும்.

நாங்கள் இருவரும் கடைசியாக ஒன்றாகப் பை சுமந்து நடந்தது 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு. வலிகாமத்து மக்கள் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து, மழையிலே தென்மராட்சி நோக்கி அடியடியாக நகர்ந்த இரவு அது. என் பைக்குள் இரண்டு சாரங்களும் பட்டச் சான்றிதழும் இருந்தன. பிறப்புச் சான்றிதழை எடுக்க மறந்துவிட்டேன். அந்த மறதி பின்னர் அகதி விசாரணையில் எத்தனை தொல்லை தந்தது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நண்பர் மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தார். நான் ஜேர்மனிக்கு வந்தேன். மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. இப்படியே கால் நூற்றாண்டு கழிந்தது.

"மச்சான், இந்த முறை ஒருத்தரும் துரத்தாமல் பை தூக்கி நடப்பம், வா" என்று நண்பர் தொலைபேசியில் அழைத்தார். போனேன்.

கேணல் லைற்றின் நகரம்

அடிலெயிட் நகரைத் திட்டமிட்டவர் கேணல் வில்லியம் லைற். பினாங்கு நகரை நிறுவிய பிரான்சிஸ் லைற்றின் மகன். 1837 இல் அவர் அளந்து வகுத்த வீதிகள் இன்றும் சதுரங்கப் பலகை போல நேராகக் கிடக்கின்றன. நகரைச் சுற்றிலும் பூங்கா நிலம் ஒரு பச்சை மாலையாகச் சூழ்ந்துள்ளது. மொன்டிஃபியோரே மேட்டிலே அவருடைய சிலை நகரை நோக்கிக் கை நீட்டி நிற்கிறது. குற்றவாளிகளைக் கப்பலேற்றி இறக்காத குடியேற்றம் என்பதில் தென் அவுஸ்திரேலியர்களுக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு.

ஆனால் லைற் அளந்தது வெற்று நிலம் அன்று. கௌர்ணா மக்களின் நிலம் அது. நகர நடுவிலுள்ள விக்ரோறியாச் சதுக்கத்தின் பெயர்ப்பலகையில் இப்போது 'தார்ண்டன்யாங்கா' என்ற கௌர்ணாப் பெயரும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. செங்கங்காருவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்றார்கள். இரண்டு பெயர்கள் கொண்ட அந்தப் பலகையின் முன்னே நண்பரும் நானும் சற்று நேரம் நின்றோம். ஊர்ப் பெயர் மாற்றங்களின் வலியை நாம் அறிவோம் அல்லவா?

1869 இலிருந்து இயங்கிவரும் மத்திய சந்தையிலே பாணும் பாற்கட்டியும் வாங்கிப் பைகளில் வைத்துக்கொண்டு மறுநாட் காலை கோலர் புகையிரதத்தில் ஏறினோம். அங்கிருந்து பேருந்தில் தனுண்டா. வழி நெடுகிலும் முந்திரிகைத் தோட்டங்கள். திராட்சையை முந்திரிகை என்று சொல்லும் யாழ்ப்பாணத்தவர் நாங்கள்; உரும்பிராய்ப் பக்கத்துப் பந்தல்கள் நினைவுக்கு வந்தன. பந்தல் எதுவும் இங்கே இல்லை. இடுப்பளவு உயரத்தில் கம்பி கட்டிக் கொடியை நேர்வரிசையாகப் படரவிட்டிருக்கிறார்கள். அறுவடைக் காலமாகையால் காற்றிலே புளித்த பழத்தின் மணம்.

பரோசா என்ற பெயரே ஓர் எழுத்துப் பிழையால் வந்தது. ஸ்பெயின் நாட்டிலே 1811 இல் தாம் போரிட்ட களத்தின் பெயரை லைற் இந்தப் பகுதிக்குச் சூட்டினார். எழுதும்போது எழுத்துக்கள் மாறிப்போயின. பிழையே நிலைத்துவிட்டது.

நம்பிக்கைக்காக நாடு துறந்தோர்

இந்தப் பள்ளத்தாக்கை உலகம் அதன் மதுவினால் அறியும். நான் அங்கே போக விரும்பியதற்குக் காரணம் வேறு. இங்கே கொடி நட்டவர்கள் அகதிகள்.

பிரஷ்யாவின் மன்னன் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம், லூதரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் ஒன்றாக்கி, எல்லோரும் ஒரே வழிபாட்டு முறையையே கைக்கொள்ளவேண்டும் என ஆணையிட்டான். பழைய முறையை விடமறுத்த குருமார் பதவி இழந்தனர். சிலர் சிறை சென்றனர். கிளெம்சிக் என்ற ஊரின் குருவான ஔகுஸ்ற் காவெல் 1836 இல் இலண்டன் சென்று ஜோர்ஜ் ஃபைஃப் அங்காஸ் என்ற வணிகரைச் சந்தித்தார். பயணச் செலவைக் கடனாகத் தர அவர் உடன்பட்டார். ஆயினும் நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி கிடைக்க அம்மக்கள் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஓடர் ஆற்றிலே படகேறி ஹம்பேர்க் சென்று, அங்கிருந்து கப்பலேறி, 1838 நவம்பரில் காவெலும் அவரது சபையாரும் அடிலெயிட் துறைமுகத்தில் இறங்கினர். அங்காஸிடம் பெற்ற கடனை வட்டியோடு கட்டித் தீர்த்தனர். "ஏஜென்சிக் காசு கட்டினது மாதிரித்தான்" என்றார் நண்பர். நான் சிரிக்கவில்லை.

1842 இல் பரோசாவிலே முதற் குடியேற்றமாகப் பெத்தானி எழுந்தது. தனுண்டாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த நடை. தம் ஊரிலே வாழ்ந்தவாறே இங்கும் வாழ்ந்தார்கள் என்பதற்கு நிலமே சாட்சி: தெருவோரத்தில் வீடு, அதன் பின்னே நீண்டு ஒடுங்கிய துண்டாகக் காணி. யார் சொல்லிக்கொடுத்தும் வந்ததல்ல. கையோடு கொண்டுவந்த ஊரின் வரைபடம்.

கல்லறையில் ஒரு வகுப்பு

தனுண்டாவின் லாங்மெயில் ஆலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் காவெல் குருவானவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1860 இல் இறந்தவர். அங்கே பழைய கற்களெல்லாம் ஜேர்மன் மொழியில். முள்முள்ளான பழைய எழுத்து வடிவம். மெதுவாகத்தான் வாசிக்க முடிந்தது. நான் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டு, பூச்சாடியோடு நின்ற முதிய அம்மையார் ஒருவர் அருகே வந்தார்.

"உங்களுக்கு இதை வாசிக்கத் தெரியுமா?" என்றார் ஆங்கிலத்தில்.

தன் பாட்டனின் பாட்டியுடைய கல்லுக்கு என்னை அழைத்துச் சென்றார். பெயரும் ஆண்டுகளும் அவருக்குத் தெரிந்திருந்தன. ஆனால் பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்துச் சுருக்கமும் இன்னொரு சொல்லும் இருந்தன. அந்தச் சுருக்கம், மணமாகுமுன் இருந்த குடும்பப் பெயரைக் குறிப்பது என்றேன். எழுபது வருடங்களாக இந்தக் கல்லுக்குப் பூ வைத்தவர், அன்றுதான் அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரை அறிந்தார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

சிறுவயதில் உணவு மேசையிலே சொன்ன செபம் ஒன்று மட்டும் தனக்கு ஜேர்மனில் தெரியும் என்று சொல்லிக்காட்டினார். உச்சரிப்பிலே பிழையே இல்லை. பொருள்தான் தெரியவில்லை. விருந்தினராக வந்தருளும்படி இறைவனை அழைக்கும் செபம் அது என்றபோது அவர் கண் கலங்கியது.

மொழி எப்படிப் போயிற்று? முதல் உலகப்போரின்போது, 1917 இல், தென் அவுஸ்திரேலியாவின் 49 லூதரன் பாடசாலைகள் சட்டத்தால் மூடப்பட்டன. அதே ஆண்டுச் சட்டமொன்றினால் 69 ஜேர்மன் ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. லாங்மெயில் 'பில்யாரா' ஆயிற்று. அடிலெயிட் அருகே முதல் அகதிகள் அமைத்த கிளெம்சிக், பலஸ்தீனப் போர்க்களத்தின் பெயரால் 'காஸா' ஆயிற்று. கிளெம்சிக் 1935 இலும் லாங்மெயில் 1975 இலும் தம் பெயர்களைத் திரும்பப் பெற்றன. பெயரை ஓர் அரசாணையால் மீட்கலாம். மூடிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மீட்க முடியுமா? இன்னுமொன்றையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் விட்டுவந்த கிளெம்சிக் 1945 இன் பின் போலந்துக்கு உரியதாகிவிட்டது. அங்கும் இன்று அந்த மொழி இல்லை.

பிறந்த ஆண்டின் பீப்பாய்

மொழி போன இடத்தில் கொடி நின்றுவிட்டது. ஐரோப்பாவின் தோட்டங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வேர்ப்பூச்சி அழித்தபோது, கடுமையான தடுப்புச் சட்டங்களால் தென் அவுஸ்திரேலியா தப்பியது. அதனால் உலகின் மிகப் பழைய முந்திரிகைக் கொடிகளில் சில இங்கே உள்ளன. லாங்மெயிலில் 1843 இல் நட்டதாகக் கூறப்படும் ஷிராஸ் கொடிகளைப் பார்த்தோம். கொடி என்று சொல்ல மனம் வரவில்லை. முதியவரின் முழங்கால் போல முறுகிய கட்டைகள். 1980களில் மது விலைபோகாத காலத்தில், பழைய கொடிகளைப் பிடுங்கியெறிய அரசாங்கமே பணம் கொடுத்ததாம். பிடுங்க மறுத்தவர்களின் கொடிகளே இன்று பொன்னாக மதிக்கப்படுகின்றன.

சுவைபார்க்கும் கூடத்தில் ஒரு மிடறு வாயிலிட்டு, வெற்றிலைப் படிக்கம் போன்ற பாத்திரத்தில் துப்பிவிட வேண்டுமாம். நண்பர் துப்பவில்லை.

மறுநாள் செப்பெல்ட்ஸ்பீல்ட் நோக்கி நடந்தோம். "மச்சான், இஞ்ச பாரடா, பனை!" என்று நண்பர் கூவினார். பனையல்ல, ஈச்சை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியிலே செப்பெல்ட் குடும்பம் தொழிலாளரை வேலைநீக்கம் செய்யாமல், வீதியோரமெங்கும் இந்த மரங்களை நடவைத்ததாம். தூரத்துப் பார்வைக்கு எங்கள் ஊர் வழியேதான்.

1878 இல் பென்னோ செப்பெல்ட் ஒரு பீப்பாய் போர்ட் மதுவை ஒதுக்கி, நூறு ஆண்டுகள் திறக்கலாகாது என்றார். அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக வைத்துவருகிறார்கள். நீங்கள் பிறந்த ஆண்டின் பீப்பாயிலிருந்து ஒரு சிறு குவளை வாங்கிச் சுவைக்கலாம். நாங்கள் இருவரும் 1970. மதுவின் சுவையை எழுத எனக்கு அனுபவம் போதாது. பாணி போலக் கெட்டியாகவும் இனிப்பாகவும் இருந்தது. என் கண் பீப்பாயிலிருந்த இலக்கத்திலேயே நின்றது. அந்த ஆண்டில் பிறந்தேன் என்று நிரூபிக்க எத்தனை கதவுகளைத் தட்டினேன்! இங்கே ஒரு மரப்பீப்பாய் அதே ஆண்டைத் தாங்கிக்கொண்டு, இடம்பெயராமல், ஒரே கூரையின் கீழ் இருக்கிறது.

ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம்

திரும்பும் நாளில் அடிலெயிட்டிலே ரொறன்ஸ் ஆற்றின் வடகரைக்குப் போனோம். பில்ற்றாவோட்லி என்னும் இடம். 1838 இல் அங்கு வந்த டைஷல்மான், ஷூர்மான் என்னும் இரண்டு ஜேர்மன் லூதரன் குருமார் கௌர்ணா மொழியைக் கற்று, 1839 இல் அம்மொழியிலேயே பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினர். 1840 இல் அதன் இலக்கணத்தையும் சுமார் 2000 சொற்களையும் அச்சிட்டனர். அவர்களை அனுப்பிய திரேஸ்டன் சங்கமே பின்னர் லைப்சிக் மிசன் எனப் பெயர்பெற்றுத் தமிழ்நாட்டிலும் பணியாற்றியது. அதன் தலைவராயிருந்த கார்ல் கிரௌல் 1856 இல் திருக்குறளை ஜேர்மனில் பெயர்த்தார் என்பதை நாம் அறியவேண்டும்.

பாடசாலை 1845 இல் மூடப்பட்டது. ஆங்கிலம் மட்டுமே போதும் என்றனர். மொழியைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி எனக் கருதப்படும் இவரிஜி 1929 இல் மறைந்தார். ஆனால் 1990 ஆம் ஆண்டளவில், கௌர்ணா வழித்தோன்றல்கள் அந்தப் பழைய நூலைக் கையிலெடுத்துத் தம் மொழியை மீண்டும் கற்கத் தொடங்கினர். இன்று பள்ளிகளிலும் பொது நிகழ்ச்சிகளிலும் அது ஒலிக்கிறது. ஆறு ஆண்டுகள்கூட நிலைக்காத பாடசாலை. நூற்றைம்பது ஆண்டுகளின் பின் அது விட்டுச்சென்ற புத்தகம் வேலை செய்தது.

கரையோரப் புல்லிலே பைகளை இறக்கிவைத்து அமர்ந்தோம். இந்த ஆண்டோடு தமிழ் வகுப்பை விட்டுவிட எண்ணியிருப்பதை அப்போதுதான் நண்பரிடம் சொன்னேன். ஒரு காலத்தில் நாற்பது பிள்ளைகள், இப்போது பதினொருவர். அவர்களும் இடைவேளையில் ஜேர்மனில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எத்தினை பிள்ளையள் எண்டு அவங்கள் எண்ணிக்கொண்டு இருந்தவங்களே?" என்று ஆற்றைப் பார்த்துக் கேட்டார்.

வீடு திரும்பி வந்தபின், ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டியின் ஊர்ப்பேச்சிலிருந்து பத்துச் சொற்களைக் கேட்டு, பொருளோடு எழுதிவரவேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். சென்ற சனிக்கிழமை ஒன்பது கொப்பிகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் நான் அறியாத சொற்கள் நான்கு இருந்தன. தனியே ஒரு கொப்பியில் அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறேன்.