உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்கு ஒரு கார்ட்லெஸ் போன்

★ புனே புத்வார் பேட்டில் தப்கீர் கல்லிக்குள் நுழைந்து கார்ட்லெஸ் போன் வேண்டும் என்று கேட்டால், பீட்டெல், பானாசோனிக், மோட்டோரோலா என்று கம்பெனிப் பெயர்கள்தான் முதலில் வரும். நீங்கள் முதலில் தேட வேண்டியது பெட்டியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அலைவரிசையை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றிருந்தால், வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் புழங்கும் நெரிசலில்தான் உங்கள் போனும் பேச வேண்டும். 1.8 கிகாஹெர்ட்ஸ் அல்லது 'டெக்ட்' என்றிருந்தால் அது 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. வைஃபை அங்கே வராது. கோத்ரூட், வாகட் அடுக்ககங்களில் சுவருக்குச் சுவர் ஒரு ரூட்டர் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் டெக்ட் வாங்குவதே நல்லது. இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகவே நல்லதாகக் கிடைக்கும்.

★ டெக்ட் என்பது ஐரோப்பாவில் 1992-இல் வகுக்கப்பட்ட தரம். பத்து அலைவரிசைகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேச்சுத் தடங்கள், மொத்தம் 120. ஒரு தடத்தில் இரைச்சல் ஏறினால், பேச்சு அறுபடாமலேயே போன் வேறொரு தடத்துக்கு மாறிக்கொள்ளும்.

★ இந்த டெக்ட்டுக்குச் சென்னையில் ஒரு பெருமைக்குரிய வரலாறு உண்டு. 1990-களில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, இதை அடிப்படையாக வைத்து 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. வீட்டுக்குள் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் எட்டும் தொழில்நுட்பத்தை, மறைப்பில்லாத வெளியில் பத்து கிலோமீட்டர் வரை கொண்டுபோனார்கள். ஊர் ஊராகப் பள்ளம் தோண்டிச் செம்புக் கம்பி புதைக்கும் செலவு இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே விநாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் கிடைத்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 வாக்கில் திறந்த இணைய மையங்கள் இதை நம்பித்தான் இயங்கின. கண் நோயாளியின் படத்தை எடுத்து அங்கிருந்தே அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டயல்-அப் இணைப்புக்கே நகரத்தில் அல்லாடிய காலம் அது!

★ அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ ஊருக்கு வரும்போது அங்கே வாங்கிய கார்ட்லெஸ் போனை அப்பா அம்மாவுக்குக் கொண்டுவருவது வழக்கம். பிம்ப்ரி, ராஸ்தா பேட், கட்கி என்று தமிழர்கள் வாழும் எந்தப் பகுதியிலும் இதைப் பார்க்கலாம். பாசம் புரிகிறது, ஆனால் அந்தப் பெட்டியில் 'டெக்ட் 6.0' என்றிருந்தால் இங்கே இணைக்காதீர்கள். அது வேலை செய்வது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில். இந்தியாவில் அந்த இடம் கைபேசி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. கைபேசிகள் தம் கோபுரத்துக்குச் செய்தி அனுப்பும் வரிசைகளில் அதுவும் ஒன்று. உங்கள் வீட்டுப் போன் தெருவின் கைபேசிப் பேச்சையே கெடுக்கக்கூடும். இதே காரணத்துக்காகப் பாகிஸ்தானின் தொலைத்தொடர்பு ஆணையம் இந்த வகைப் போன்களைப் பயன்படுத்தக் கூடாது என்று மக்களை எச்சரித்தது.

அடாப்டரையும் பாருங்கள். 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தது நம் 230 வோல்ட்டில் கருகிவிடும். இன்னொன்று, அழைப்பவரின் எண்ணை அனுப்புவதில் எஃப்.எஸ்.கே., டி.டி.எம்.எஃப். என்று இரண்டு முறைகள் உண்டு. நம் நாட்டு எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றில் இரண்டாவதுதான். அமெரிக்கப் போனுக்கு முதலாவதுதான் தெரியும். மணி அடிக்கும், திரையில் எண் வராது. இங்கே விற்கும் போன்கள் பெரும்பாலும் இரண்டையும் புரிந்துகொள்ளும்.

★ பல கிலோமீட்டர் எட்டும் 'லாங் ரேஞ்ச்' கார்ட்லெஸ் என்று யாராவது காட்டினால் தொடவே வேண்டாம். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

★ புனேயில் வியாழக்கிழமை என்றால் பராமரிப்புக்காக மின் விநியோக நிறுவனமான மகாவிதரண் மின்சாரத்தை நிறுத்துவது பல பகுதிகளுக்குப் பழகிய விஷயம். செம்புக் கம்பி இணைப்பில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருகிறது. அதனால் சுருள் வயர் போட்ட சாதாரணப் போன் மின்தடையிலும் பேசும். கார்ட்லெஸ் பேசாது, ஹேண்ட்செட்டை வைக்கும் அதன் பேஸுக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குச் சாதாரணப் போன் ஒன்றையும் அதே இணைப்பில் போட்டு வையுங்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட அதுதான் கைகொடுக்கும்.

ஃபைபருக்கு மாறியவர்களுக்கு இந்த வழி இல்லை. மோடத்தின் பின்னால் உள்ள தொலைபேசித் துளையில் பழைய கார்ட்லெஸைச் செருகினால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மோடம் அணைந்தால் எந்தப் போனும் பேசாது. மோடம், பேஸ் இரண்டையும் இன்வெர்ட்டர் பிளக்கில் போடுங்கள். ரூட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ்.ஸில் பேஸை மாட்டக்கூடாது, பேஸின் வோல்ட் பெரும்பாலும் வேறு.

★ பெட்டியில் எத்தனை அடைமொழி போட்டாலும் லேண்ட்லைன் பேச்சு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். விலை உயர்ந்த போன் அந்த எல்லையைத் தாண்டாது. அதனால் 'எச்.டி.' என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். ஸ்பீக்கர் போன் சத்தம், ஒலி கூட்டும் பொத்தான், பெரிய எண்கள், காது கேட்கும் கருவியோடு ஒத்துப்போகுமா என்பவற்றைப் பாருங்கள்.

★ மழைக்காலத்தில் போனில் கரகரப்பா? போனை மாற்றும் முன், பக்கத்து வீட்டுச் சாதாரணப் போனை வாங்கி அதே துளையில் செருகிக் கேளுங்கள். அதிலும் கரகரத்தால் குற்றம் லைனில் இருக்கிறது. ஈரம் இறங்கிய ஜாயின்ட்டைச் சரிசெய்யச் சொல்லிப் புகார் கொடுங்கள். பழைய செம்புக் கம்பியில் பிராட்பேண்டும் ஓடினால் ஸ்பிளிட்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் உஸ்ஸென்ற ஒலி போகவே போகாது.

★ கஸ்பா, சதாசிவ் பேட்களின் வாடா எனும் பழைய வீடுகளில் கல்சுவர் கனமானது, அலை திணறும். பேஸை டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோ மேலோ வைக்காமல், வீட்டின் நடுவில், உயரத்தில், ரூட்டரிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

★ ஹேண்ட்செட்டுக்குள் இருப்பவை பெரும்பாலும் 1.2 வோல்ட் நிக்கல் பேட்டரிகள் இரண்டு. சார்ஜ் நிற்கவில்லை என்றால் இவற்றை மாற்றினாலே போதும், போனைத் தூக்கிப்போட வேண்டாம். கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை மட்டும் போட்டுவிடாதீர்கள். சார்ஜ் ஏற்றினால் அது கசியும், வெடிக்கவும் செய்யலாம்.

★ 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்தக் கைபேசியை அழைத்தாலும் முன்னால் 0 போட வேண்டும். அப்பா அம்மாவின் போனில் உங்கள் எண்ணைச் சேமிக்கும்போதே அந்த 0-வையும் சேர்த்துவிடுங்கள்.